43 பேர் கேட்டார்கள், 12 பேர் வாங்கினார்கள்: மவுண்டன்போர்டுக்கு ஒரு அலுமினிய ஹப் - நிகழ்வு ஆய்வு

பின்னணி

மவுண்டன்போர்டு என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை. மேலே கால்களை மாட்டிக்கொள்ளப் பட்டைகள், கீழே காற்றடைத்த நான்கு சின்ன டயர்கள். பனி இல்லாத காலத்திலும் மலைச்சரிவில் சறுக்கி இறங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய விளையாட்டு இது. அமெரிக்காவின் கொலராடோவில் 1993-ல் தொடங்கிய எம்.பி.எஸ்., இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் டிராம்பா, இந்த இரண்டு போர்டு கம்பெனிகளும் இதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். இப்போது மோட்டார் பொருத்தி ஓட்டுகிறவர்களும் நிறையச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த ஆய்வு அந்தச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பற்றியது. பெரும்பாலான போர்டுகளில் வருவது பிளாஸ்டிக் ஹப். அது இரண்டு பாதிகளாக இருக்கும். டியூபையும் டயரையும் நடுவில் வைத்து, இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இவ்வளவு சின்ன, விறைப்பான டயரை நெம்பி ரிம்மில் ஏற்றுவது முடியாத காரியம். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பாதியிலும் ஒரு பேரிங் உட்காரும். சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஆக்சில் அதன் நடுவில் போகும்.

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வாராவாரம் மலையிறங்கும் மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரு செப்டம்பர் மாதம் அவர்களில் ஒருவருக்கு, வேகமான திருப்பத்தில் பின்சக்கர ஹப் பேரிங்கைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டு உடைந்துவிட்டது. சக்கரம் கழன்று ஓட, அவர் தோள்பட்டை எலும்பில் கீறல் விழுந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தார். அப்போதுதான், "நாமே உலோகத்தில் செய்தால் என்ன?" என்ற பேச்சு தொடங்கியது. சந்தையில் உலோக ஹப் கிடைக்காமல் இல்லை, டிராம்பாவே அலுமினிய ஹப் விற்கிறது. ஆனால் இவர்களுக்கு வேண்டியது, கையில் இருக்கும் பழைய டயரும் ஆக்சிலும், மோட்டார் பெல்ட் ஓடும் புல்லியும் எதுவும் மாறாமல் அப்படியே பொருந்தும் ஒன்று.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் ஒரு சி.என்.சி. பட்டறையில் புரோகிராம் எழுதுகிறேன். கோவை கணபதியில் லேத்தில் தொழில் படித்துவிட்டு இங்கே வந்தவன். மூவரில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். டிராயிங் போட்டுத் தரவும் கொட்டேஷன் வாங்கித் தரவும் என்னைக் கேட்டார்கள்.

முதல் கணக்கு

அக்டோபர் மாதச் சந்திப்பில் யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கை தூக்கியவர்களையும் பிறகு செய்தி அனுப்பியவர்களையும் சேர்த்து 43 பேர். ஆளுக்கு நான்கு சக்கரம், ஆக 172 ஹப். கொஞ்சம் குறைத்து 160 ஹப் செய்யலாம் என்ற முடிவோடுதான் என்னிடம் வந்தார்கள்.

கொட்டேஷனை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். புரோகிராம், ஃபிக்ஸ்சர் (மெஷினில் துண்டைப் பிடித்து வைக்கும் அமைப்பு), செட்டிங் எல்லாம் சேர்த்து 900 பவுண்டு. ஒரு ஹப் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் இது மாறாது. அதற்கு மேல் ஒரு ஹப்புக்கு மெட்டீரியலும் மெஷின் நேரமும் 33 பவுண்டு. அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றும் பாதுகாப்புப் பூச்சு), போல்ட் வகைக்கு 7 பவுண்டு. எல்லாவற்றின் மேலும் 20 சதவீத வாட் வரி. 160 ஹப்புக்கு 8,760 பவுண்டு வந்தது. நான்கு ஹப் கொண்ட ஒரு செட் 219 பவுண்டு. அதே கணக்கில் 20 ஹப் மட்டும் செய்தால் ஒரு செட் 408 பவுண்டு ஆகிவிடும்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் மூவருக்கும், நிறையச் செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியது. ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 5,000 பவுண்டு போடத் தயாராக இருந்தார். அதில் எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும்: "ஒரு ஹப்" என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒரே ஜாப்பாக இருக்க வேண்டியதில்லை. 43 பேர் 43 ஹப்பை மனதில் வைத்துக்கொண்டு கை தூக்கியிருக்கலாம்.

ஐந்து கேள்விகள்

நவம்பரில் 43 பேருக்கும் ஒரு சின்னப் படிவம் அனுப்பினோம். ஆக்சில் 12 மில்லிமீட்டரா, 9.5-ஆ? எந்த டயர், என்ன அளவு? இப்போது இருக்கும் ஹப்பில் எத்தனை போல்ட், எவ்வளவு இடைவெளி? மோட்டார் உண்டா, உண்டென்றால் புல்லி எப்படி மாட்டியிருக்கிறது? கடைசிக் கேள்வி: உங்கள் ஹப் கடைசியாக எப்போது உடைந்தது?

பதில் வந்தது 31 பேரிடமிருந்து. 12 பேர் பதிலே போடவில்லை. ஸ்கேலை எடுத்து ஆக்சிலை அளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவர் பணம் கட்டுவார் என்று நம்ப முடியாது, அவர்களை அப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

மீதி 31 பேரில் 12 மில்லிமீட்டர் ஆக்சில் 16 பேர், 9.5 மில்லிமீட்டர் 15 பேர். டயர் நான்கு விதம். மோட்டார் வைத்தவர்கள் 13 பேர். இதையெல்லாம் பெருக்கிப் பார்த்தால் ஒரு ஹப் அல்ல, ஏழெட்டு ஹப் ஆகிறது. ஒவ்வொன்றிலும் மூன்று செட், நான்கு செட். ஒவ்வொன்றுக்கும் தனியாக 900 பவுண்டு. சிறு தயாரிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹப் உடைந்த அனுபவம் 9 பேருக்கு மட்டும். அந்த 9 பேரில் 5 பேர் மோட்டார் போர்டுக்காரர்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மூவரும் முந்தைய வாரம்தான் விவாதித்திருந்தார்கள். மலையிறங்குகிறவர்களுக்காகத் தொடங்கிய வேலை, மோட்டார் புல்லி வந்தால் டிசைன் சிக்கலாகிவிடும், எனவே வேண்டாம் என்பதே அதுவரை பெரும்பான்மை. ஆனால் காரணத்தை யோசித்தால் விஷயம் தெளிவு. மோட்டாரின் முழு இழுவையும் புல்லி வழியாக அந்தப் பிளாஸ்டிக் போல்ட் துளைகளில்தான் இறங்குகிறது. வேகம் எடுக்கும்போது ஒரு பக்கம், பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம். வலி யாருக்கு அதிகமோ அவர்களை வெளியே நிறுத்த இருந்தோம்.

எடுத்த முடிவுகள்

வகைகளைக் குறைப்பதுதான் முதல் வேலை. இதில் பேரிங் எங்களுக்குக் கை கொடுத்தது. 12 மில்லிமீட்டர் ஆக்சிலுக்குப் போடும் 6001 பேரிங்கின் அளவு 12 × 28 × 8. இந்த விளையாட்டில் 9.5 மில்லிமீட்டர் ஆக்சிலுக்கு வரும் பேரிங் 9.5 × 28 × 8. உள்ளே வேறு, வெளியே இரண்டும் 28 தான். ஆக ஹப்பில் பேரிங் உட்காரும் குழி ஒன்றே போதும். பேரிங்கையும், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும் குழாய்த்துண்டான ஸ்பேசரையும் மாற்றினால் இரண்டு ஆக்சிலுக்கும் பொருந்தும். ஸ்பேசர் என்பது லேத்தில் சில நிமிட வேலை.

டயரில் அதிகம் பேர் சொன்ன 8 அங்குல டயரை, அதாவது 200 × 50 என்று எழுதியிருக்கும் வகையை மட்டும் எடுத்துக்கொண்டோம். 23 பேர் அதில் வந்தார்கள். மீதி 8 பேரிடம், உங்கள் டயருக்கு இது பொருந்தாது என்று நேரடியாகச் சொல்லிவிட்டோம். இருவருக்கு வருத்தம்தான்.

புல்லிக்குத் தனித்துளை போடவில்லை. ஹப்பின் இரண்டு பாதிகளையும் பிடிக்கும் போல்ட் வட்டத்தை, பலரிடம் இருக்கும் பிளாஸ்டிக் ஹப்பின் வட்டத்துக்கே வைத்தோம். புல்லி வேண்டியவர் அதே துளையில் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். மூன்று பேரிடம் புல்லி வாங்கி வைத்துப் பார்த்ததில் இரண்டு அப்படியே உட்கார்ந்தன.

உலோகம் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை. 7075 என்ற இன்னொரு வகையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பலத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உண்மை. 6061 வளையத் தொடங்கும் அளவு 276 மெகாபாஸ்கல் என்றால் 7075-டி6 வகைக்கு 503. ஆனால் விலை கூடுதல், ஈரப் புல்லிலும் சேற்றிலும் அரிப்புக்கு 6061 நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பலம் போதாத இடத்தில் சுவரைத் தடிமனாக்க எங்களுக்கு இடம் இருந்தது.

மாதிரி ஹப்பும் பேரிங் குழியும்

முதல் மாதிரியை மூவரில் ஒருவர் தன் கொட்டகையில் இருக்கும் பழைய லேத்திலேயே கடைந்தார். நன்றாகவே கடைந்திருந்தார். ஆனால் பேரிங் கட்டைவிரலால் அழுத்தியதுமே உள்ளே போனது. அவருக்கு அதில் சந்தோஷம், எனக்குப் பயம். குழியை அளந்தால் 28.02 மில்லிமீட்டர்.

ஓட்டிப் பார்க்கட்டும் என்று விட்டோம். நான்கு வாரம் கழித்துக் கழற்றியபோது, குழியின் சுவரில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வளையம். விரலை விட்டுத் தடவினால் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியது. அலுமினியம் தேய்ந்து கிரீஸில் கலந்த தூள் அது. பேரிங்கின் வெளிவளையம் குழிக்குள் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தன் வீட்டையே அரைத்துக்கொண்டிருந்தது. சக்கரத்தில் ஹப்தான் சுற்றுகிறது, ஆக்சில் நிற்கிறது. அதனால் பாரம் வெளிவளையத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மாறி மாறி விழும். இந்த மாதிரி இடத்தில் வெளிவளையம் இறுக்கமாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அலுமினியத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சூடானால் அது எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கறுப்பு ஹப் வெயிலில் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால், 28 மில்லிமீட்டர் குழி பேரிங்கைவிடச் சுமார் 13 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாகத் திறந்துகொள்ளும். அதனால் சி.என்.சி.யில் பி7 என்ற இறுக்கமான டாலரன்ஸ் (அளவு எல்லை) கொடுத்தோம்: குழி 27.965-லிருந்து 27.986-க்குள். ஹப்பை 110 டிகிரிக்குச் சூடாக்கிப் பேரிங்கை இறக்குவது. இவ்வளவு இறுக்கினால் பேரிங்கின் உள் இடைவெளி குறையும் என்பதால் உள் இடைவெளி கூடுதலாக உள்ள சி3 வகைப் பேரிங்கைச் சொன்னோம்.

இரண்டாவது மாதிரியில் பேரிங் அசையவில்லை, ஆனால் மூன்றாம் நாள் டியூப் வெடித்தது. இரண்டு பாதிகளும் சேரும் உள்விளிம்பு கூராக நின்று டியூபைக் கடித்திருந்தது. அந்த விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் வளைவு கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஸ்பேசரிலும் ஒரு திருத்தம் செய்தோம். இரண்டு பேரிங் தோள்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தைவிட ஸ்பேசர் ஒரு முடி அளவு நீளமாக, 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் நட்டை இறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் நெரிபட்டுச் சக்கரம் கனமாகச் சுற்றும்.

விலையும் அட்வான்ஸும்

பிப்ரவரியில், மாதிரியை நேரில் காட்டி, விலையைச் சொல்லி, அட்வான்ஸ் கேட்டோம். விலையை ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. 80 ஹப் சேர்ந்தால் ஒரு செட் 250 பவுண்டுக்குள், 50 சேர்ந்தால் 280-க்குள், 40-க்கும் குறைந்தால் வேலையே கிடையாது, பணம் முழுதும் திரும்பும். அட்வான்ஸ் 60 பவுண்டு, மூன்று வாரக் கெடு. பணம் போகும் கணக்கைத் தனியாகத் தொடங்கினோம். மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் அதிலிருந்து எடுக்க முடியும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 150 கிராம் எடை கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். துள்ளி விளையாடுகிறவர்கள் இதைக் கேட்டதும் விலகினார்கள். அவர்களுக்கு இந்த ஹப் தேவையும் இல்லை.

கெடு முடிந்தபோது 14 பேர் கட்டியிருந்தார்கள். ஹப் உடைந்த அந்த 9 பேரில் 8 பேர் அதில் இருந்தார்கள். மற்ற 22 பேரிலிருந்து 6 பேர். கடைசி விலையைச் சொன்னதும் இருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், அன்றைக்கே கொடுத்துவிட்டோம். இருவருமே ஹப் உடைந்த அனுபவம் இல்லாதவர்கள். ஆக வெளியார் 12 செட், மூவரும் சேர்ந்து தங்களுக்கு 1 செட், மொத்தம் 52 ஹப். செலவு 3,576 பவுண்டு, செட் 275 பவுண்டு.

முதலில் நினைத்தபடி 160 செய்திருந்தால் 108 ஹப் கொட்டகையில் கிடந்திருக்கும். ஏறக்குறைய 5,900 பவுண்டு. விலை 219 ஆக இருந்திருந்தால் இன்னும் நாலைந்து பேர் வாங்கியிருக்கக்கூடும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 27 பேர் கூடுதலாக வந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தயாரிப்பில் நடந்தது

மெஷினிங் சிக்கல் இல்லாமல் முடிந்தது. பிரச்சினை அனோடைசிங்கில் வந்தது. அனோடைசிங் பூச்சு வெளிப்புறமாகவும் கொஞ்சம் வளரும். அதனால் பேரிங் குழியை ரப்பர் பிளக் போட்டு அடைத்துவிட்டுத்தான் தொட்டியில் இறக்க வேண்டும். நான் அதைப் போனில் சொன்னேன், டிராயிங்கில் எழுதவில்லை. 104 பாதிகளில் 14 பாதிகள் பிளக் இல்லாமல் வேறொரு ஷிஃப்டில் போய்விட்டன. குழி சுமார் 10 மைக்ரான் சுருங்கி, பளபளப்பான கறுப்பாக வந்து நின்றது. ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தப் பதினான்கையும் சாஃப்ட் ஜா என்ற மென்மையான பிடியில் பிடித்து மறுபடி அளவுக்குக் கடைந்தேன். தவறு அனோடைசிங் செய்தவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். டிராயிங்கில் இல்லாததை இரண்டாவது ஷிஃப்ட்காரர் எப்படிப் பார்ப்பார்?

ஒவ்வொரு செட்டோடும் ஒரு தாள் வைத்தோம். முதல் வரி பெரிய எழுத்தில்: டயரில் காற்றை முழுதும் இறக்காமல் போல்ட்டைக் கழற்றாதீர்கள். காற்றோடு கழற்றினால் இரண்டு பாதிகளும் முகத்தில் வந்து அடிக்கும்.

ஒரு சீசனுக்குப் பிறகு

மே மாதம் கொடுத்தோம். அக்டோபரில் 13 செட்டையும் கேட்டு விசாரித்தோம். விரிசல் ஒன்றும் இல்லை. பாறையில் மோதி இரண்டு ஹப்பின் விளிம்பு வளைந்திருந்தது. பிளாஸ்டிக்காக இருந்தால் துண்டாகியிருக்கும், இது வளைந்தபடியே அவர்களை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தது. இரண்டு பேரிங் சேறு புகுந்து போயிருந்தன. பழைய பேரிங்கை வெளியே எடுக்கத்தான் பலர் திண்டாடியிருக்கிறார்கள். இறுக்கமாக வைத்ததின் மறுபக்கம் அது. ஒருவர் சுத்தியால் அடித்துக் குழியின் விளிம்பையே நசுக்கிவிட்டார். கழற்றும்போதும் ஹப்பைச் சூடாக்க வேண்டும் என்று எங்கள் தாளில் இல்லை.

தோள்பட்டை அடிபட்டவர் ஜூனிலிருந்து அதே சரிவில் மறுபடி இறங்குகிறார். நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் டயர் புல்லைப் பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது.

அடுத்த முறை மாற்றுவது

உடைந்த அனுபவம் பற்றிய கேள்வியை முதல் நாளே, கை தூக்கச் சொல்வதற்கு முன்பே கேட்போம். ஆட்களை எண்ணாமல், ஒவ்வொரு வகைக்கும் எத்தனை செட் என்று எண்ணுவோம். மோட்டார் போர்டுக்காரர்களை ஆரம்பத்திலேயே டிசைன் பேச்சில் உட்கார வைப்போம். மூன்றாவது புல்லியும் பொருந்தும்படி செய்திருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது. குழிக்குப் பின்னால் இரண்டு சின்னப் பள்ளம் விட்டால் புல்லர் என்ற இழுக்கும் கருவியை வைத்துப் பேரிங்கை இழுத்துவிடலாம், டிராயிங்கில் அதை ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். பிளக் விஷயமும் சிவப்பு எழுத்தில் ஏறிவிட்டது.

ஃபிக்ஸ்சர் பட்டறை அலமாரியில் இருப்பதால் இரண்டாவது முறை 900 பவுண்டு ஆகாது, 350 போதும். இதை எழுதும்போது 7 செட்டுக்கு அட்வான்ஸ் வந்திருக்கிறது. டிசம்பர் 31-க்குள் 10 சேராவிட்டால் ஏழு பேருக்கும் பணம் திரும்பிவிடும். அந்தத் தேதி படிவத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது.